தங்கின ஹோட்டல்ல சாப்பிட்டு உடம்பு கெட்டா கேஸ் போடலாமா?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் குறைக்கப்பட்டுள்ளன.)

ஆழ்வார்குறிச்சியில இருந்து பேசுறேன். வக்கீல் தொழில், பெரும்பாலும் அம்பாசமுத்திரம் கோர்ட்டு, அப்பப்ப திருநெல்வேலி.

ஜூன் மாசம் சாரல் விழ ஆரம்பிச்சா எங்க பக்கம் எல்லா பஸ்ஸும் குற்றாலம் பஸ்தான். அந்த ரெண்டு மூணு மாசத்துல என் கிட்ட வழக்கமா வர்ற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணாச்சி, ரூம் போட்டுத் தங்கினோம். காலைல அங்கேயே பூரி கிழங்கு சாப்பிட்டோம். ராத்திரிக்குள்ள நாலு பேருக்கும் வாந்தி பேதி. கேஸ் போடலாமா?" போடலாம்னுதான் சொல்லுவேன். ஆனா அடுத்ததா நான் கேக்குறது பூரியைப் பத்தி இருக்காது. அதுக்கு முந்தின மூணு நாள் என்னென்ன சாப்பிட்டீங்க, எங்க சாப்பிட்டீங்க, யார் யார் சாப்பிட்டீங்கன்னு கேப்பேன். வந்தவங்களுக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். "நம்ம வக்கீலே நம்மள சந்தேகப்படுதாரே"ன்னு.

சந்தேகம் இல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பாரு. அதை இன்னைக்கே நாம கேட்டு வச்சுக்கிட்டா நல்லது.

நம்ம மனசு எப்பவும் கடைசியா சாப்பிட்டதைத்தான் குத்தம் சொல்லும். வாந்தியில பூரி வந்தது, அதனால பூரிதான் காரணம். ஆனா கிருமிக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு. ஸ்டாஃபிலோகாக்கஸ்னு ஒண்ணு. சமைக்கிறவர் கையில இருக்கிற புண்ணு, மூக்கு வழியா சாப்பாட்டுல சேரும். அது முன்கூட்டியே சாப்பாட்டுக்குள்ள விஷத்தை உண்டாக்கி வச்சிரும், அதனால சாப்பிட்ட அரை மணியில இருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி. திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. ஆறின சோத்தை வெளியிலயே வச்சிருந்து அதுல ஃப்ரைட் ரைஸ் போட்டா வர்ற பேசில்லஸ் செரியஸும் ஏறக்குறைய அதே வேகம்தான். சால்மொனெல்லா அப்படி இல்ல. ஆறு மணி நேரத்துலயும் வரும், ஆறு நாள் கழிச்சும் வரும். நோரோ வைரஸ் 12 மணியில இருந்து 48 மணி. கேம்பைலோபேக்டர் ரெண்டுல இருந்து அஞ்சு நாள். டைபாய்டு வாரக்கணக்கு. மஞ்சக்காமாலை ஏ வகைன்னா 15 நாள்ல இருந்து 50 நாள் வரைக்கும் போகும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி பேதி ஆரம்பிக்குது. ஞாயிறு காலைல ஹோட்டல் பூரி. சனிக்கிழமை மத்தியானம் கல்யாணப் பந்தி. வெள்ளிக்கிழமை ராத்திரி வழியில ஒரு கடையில புரோட்டா சால்னா. இதுல யாரு மேல கேஸ் போடுவீங்க? என்ன கிருமின்னு தெரியாம இதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. அதனாலதான் மலப் பரிசோதனை வேணும்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றது. சொல்றதுக்கு அசிங்கமா இருக்கலாம். இந்த மாதிரி வழக்குல அதை விடப் பெரிய ஆவணம் வேற இல்ல. அதையும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எடுக்கணும். ஊசி, மாத்திரை உள்ள போன பிறகு எடுத்தா கல்ச்சர்ல ஒண்ணும் வளராம போயிரலாம்.

இந்த விஷயத்துல நிறைய கேஸ் நடந்த இடம்னா இங்கிலாந்து. அங்க ஜனங்க வெயிலுக்காக ஸ்பெயின், துருக்கி, கரீபியன் தீவுகள்னு பேக்கேஜ் டூர் போவாங்க. விமானம், ரூம், மூணு வேளைச் சாப்பாடு எல்லாம் ஒரே விலை. அங்க போய் வயிறு கெட்டா, டூர் கம்பெனி மேல சொந்த ஊர்லயே கேஸ் போடலாம். அதுல ரெண்டு தீர்ப்பு நமக்கும் உபயோகம்.

முதல் வழக்கு வுட் எதிர் டூயி, 2017. ஒரு தம்பதி டொமினிகன் குடியரசுல ஒரு ஹோட்டல்ல தங்கினாங்க, பஃபே சாப்பாடு, ரெண்டு பேருக்கும் உடம்பு கெட்டுப்போச்சு. கம்பெனி என்ன வாதம் வச்சதுன்னா, "நாங்க குடுத்தது சேவை. நியாயமான கவனத்தோட செஞ்சோமான்னு மட்டும்தான் பாக்கணும். சமையலறைச் சுத்தத்துல குறை இல்லன்னா எங்களுக்குப் பொறுப்பு இல்ல." மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏத்துக்கல. தட்டுல எடுத்த சாப்பாடு ஒரு பொருள், அது சாப்பிடுறவங்களுக்கே சொந்தமாயிருது, பொருள் நல்ல தரத்துல இருந்தே ஆகணும், கெட்டுப் போயிருந்தா கவனமா செஞ்சோம்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதே தீர்ப்புல நீதிபதி பர்னெட் இன்னொண்ணும் சொன்னார். ஒருத்தருக்கு உடம்பு கெட்டதுங்கிறது மட்டும் வச்சு சாப்பாடு கெட்டதுன்னு முடிவு கட்ட முடியாது, நிரூபிக்கிறது லேசான காரியம் இல்லன்னு. ஜெயிச்சவங்க முதல் பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க, கம்பெனிக்காரங்க ரெண்டாவது பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ரெண்டாவது கிரிஃபித்ஸ் எதிர் டூயி. இது துருக்கி. 2014 ஆகஸ்ட்ல குடும்பத்தோட போனவர். போன ரெண்டாம் நாளே வயிறு கெட்டு, நாள் போகப் போக மோசமாகி, அங்கேயே ஆஸ்பத்திரியில சேர்ந்தாரு. பரிசோதனையில ஒண்ணுக்கு மேல கிருமி. அவரு எல்லாச் சாப்பாடும் ஹோட்டல்லதான். வெளியில சாப்பிட்டதுன்னா புறப்படும் முன்ன பர்மிங்ஹாம் விமான நிலையத்துல ஒரு பர்கர், பிறகு ஊருக்குள்ள போனப்ப ஒரு தடவை. அவர் தரப்புல பென்னிங்டன்ங்கிற நுண்ணுயிரியல் பேராசிரியர் அறிக்கை குடுத்தாரு, ஹோட்டல் சாப்பாடோ பானமோதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு. கம்பெனி தரப்புல எதிர் நிபுணர் இல்ல. அந்தப் பேராசிரியரைக் குறுக்கு விசாரணையும் பண்ணல. கடைசி வாதத்துல மட்டும், "அறிக்கை அரைகுறை, மத்த காரணங்களை அலசவே இல்ல"ன்னு போட்டு அடிச்சாங்க. விசாரணை நீதிபதி அதைக் கேட்டு வழக்கைத் தள்ளிட்டாரு. உயர் நீதிமன்றம் மாத்திச்சு. மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பவும் மாத்திச்சு. 2023 நவம்பர் 29-ல இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், ஒரு சாட்சியை நேருக்கு நேர் கேள்வி கேக்காம விட்டுட்டு அவர் இல்லாதப்ப அவர் சொன்னதைத் தாக்குறது நியாயமான விசாரணை இல்லன்னு சொல்லி மனுதாரருக்கே தீர்ப்பு குடுத்தது. ஒன்பது வருஷம் ஆச்சு. ஆனா அந்த நாலு நீதிமன்றமும் திரும்பத் திரும்பப் பேசினது எதைப் பத்தின்னு பாத்தா, பர்கரா பஃபேயாங்கிற அதே கேள்விதான்.

இங்கிலாந்துக் கதையில ஒரு கேவலமான பக்கமும் உண்டு. கேஸ் ஜெயிக்குதுன்னு தெரிஞ்சதும் புரோக்கர்கள் கிளம்பிட்டாங்க. ஸ்பெயின்ல ஹோட்டல் வாசல்லயே நின்னு "வயிறு சரியில்லையா, காசு வாங்கித் தாரோம்"னு ஆள் பிடிச்சாங்க. பொய்க் கேஸ் குவிஞ்சது. 2017 அக்டோபர்ல லிவர்பூல் நீதிமன்றம் ஒரு ஜோடியை ஜெயிலுக்கே அனுப்பிச்சு. மயோர்காவுக்கு ரெண்டு தடவை குடும்பத்தோட போனோம், எல்லாருக்கும் உடம்பு முடியலன்னு கேட்டிருந்தாங்க. ஆனா அவங்களே ஃபேஸ்புக்ல வெயிலும் சிரிப்புமா இருந்தோம்னு எழுதி வச்சிருந்தாங்க. நம்ம ஊர்லயும் ஸ்டேட்டஸ் போடாம யாரும் அருவியில தலை காட்டுறது இல்ல. மூணு நாள் படுத்த படுக்கைன்னு மனுவுல எழுதிட்டு, ரெண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தருவியில நிக்கிற படம் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதே மாதிரி "பணம் தரலன்னா வாட்ஸ்அப்ல பரப்பிருவேன்"னு மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க. புகார் குடுக்க வந்த நீங்க மிரட்டல் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

சரி, நம்ம சட்டத்துக்கு வாரேன்.

நமக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் சேத்தே போகலாம். ஒண்ணு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இது 2020 ஜூலை 20-ல நடைமுறைக்கு வந்தது. இன்னொண்ணு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006.

நுகர்வோர் சட்டத்துல எங்க மாதிரி சின்ன ஊர்க்காரங்களுக்கு வந்த பெரிய நன்மை, 34-ஆம் பிரிவு. பழைய 1986 சட்டத்துல எதிர்த்தரப்பு எங்க தொழில் நடத்துதோ அல்லது பிரச்சினை எங்க நடந்ததோ அங்கதான் போகணும். கோவாவுல தங்கி உடம்பு கெட்டா கோவாவுல போய் கேஸ். எவன் போவான்? புதுச் சட்டத்துல புகார்தாரர் குடியிருக்கிற இடத்துலயே போடலாம். ஆழ்வார்குறிச்சிக்காரர் கோவா ஹோட்டல் மேல திருநெல்வேலியில வழக்குப் போட வழி உண்டு. வக்கீல் கட்டாயம் இல்ல, நானே சொல்றேன். நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையத்துல கட்டணமே கிடையாது. கேக்குற நஷ்டஈடு இல்ல, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் குடுத்த தொகையைத்தான் பாப்பாங்க. நம்மள்ல எவன் 5 லட்சத்துக்கு ரூம் போடுறான். ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம், காணொலி வழியா விசாரணை கேக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. கால வரம்பு சம்பவம் நடந்ததுல இருந்து ரெண்டு வருஷம். ஹோட்டல் பதில் குடுக்க 30 நாள், கேட்டா இன்னும் 15. அந்த 45-க்கு மேல ஒரு நாளும் கிடையாதுன்னு 2020 மார்ச்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியாச்சு. மூணு மாசத்துல தீர்ப்பு, ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்பட்டா அஞ்சு மாசம்னு சட்டம் சொல்லுது. சட்டம் சொல்லுதுன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

யாரு கேஸ் போடலாம்ங்கிறதுல ஒரு பழைய சங்கதி இருக்கு. 1928 ஆகஸ்ட், ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கிற ஊர். ஒரு அம்மா தோழியோட ஒரு காபி கடைக்குப் போனாங்க. தோழிதான் ஜிஞ்சர் பீர் வாங்கிக் குடுத்தாங்க. உள்ள தெரியாத கருப்பு பாட்டில். பாதி குடிச்சிட்டு மீதியை ஊத்தும்போது அழுகின நத்தை ஒண்ணு வந்து விழுந்ததுன்னு அவங்க புகார். காசு குடுத்தது தோழி, அதனால இவங்களுக்கும் கடைக்கும் ஒப்பந்தமே இல்ல. அப்ப யாரு மேல போறது? பாட்டில் தயாரிச்சவர் மேலயே போனாங்க. 1932 மே 26-ல பிரபுக்கள் சபை மூணுக்கு ரெண்டுன்னு, தயாரிச்சவருக்கு, கடைசியில குடிக்கிறவங்க மேல கடமை உண்டுன்னு சொன்னது. லா காலேஜ்ல முதல் வருஷமே டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன்னு படிக்க வச்சிருவாங்க. நம்ம சட்டத்துல அந்தச் சண்டை தேவையே இல்ல. காசு குடுத்தவர் சம்மதத்தோட பொருளைப் பயன்படுத்தினவரும், சேவையை அனுபவிச்சவரும் நுகர்வோர்னு எழுதியே வச்சிருக்கு. அப்பா பேர்ல ரூம், பிள்ளைக்கு உடம்பு கெட்டாலும் பிள்ளை நுகர்வோர்தான். கல்யாண வீட்டுக்காரர் பணம் குடுத்த பந்தியில சாப்பிட்ட விருந்தாளியும் அப்படித்தான். நுகர்வோர் இறந்துட்டா வாரிசு போடலாம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல பலருக்குத் தெரியாத பிரிவு ஒண்ணு இருக்கு, 65. பாதுகாப்பில்லாத சாப்பாட்டால உயிர் போனா 5 லட்சத்துக்குக் குறையாம, கொடுங்காயம்னா 3 லட்சம் வரை, மத்தபடி உடம்பு கெட்டா ஒரு லட்சம் வரை நஷ்டஈடு. அதையும் சம்பவம் நடந்து ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும்னு இருக்கு. உத்தரவு போடுறது நீதிமன்றமோ தீர்ப்பு அலுவலரோ. நம்ம மாநிலத்துல தீர்ப்பு அலுவலர்னா மாவட்ட வருவாய் அலுவலர், டி.ஆர்.ஓ. காயத்துக்கு உச்ச வரம்பு வச்சவங்க உயிருக்குக் கீழ் வரம்புதான் வச்சிருக்காங்க, அது சரிதான். ஆனா கிட்னி போனவருக்கு 3 லட்சத்தோட நிறுத்துறது எனக்கு நியாயமாப் படல. அதனாலதான் நுகர்வோர் ஆணையத்தையும் விடாதீங்கன்னு சொல்றேன். அங்க அந்த வரம்பு இல்ல. ஆஸ்பத்திரிச் செலவு, போன சம்பளம், ரூம் வாடகை, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் தனித்தனியாக் கேக்கலாம்.

59-ஆம் பிரிவு தண்டனை. உயிர் போனா ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். இதெல்லாம் சும்மா பயமுறுத்த எழுதினது இல்ல. 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஹோட்டல் ஷவர்மா சாப்பிட்டு 14 வயசுப் பிள்ளை இறந்துபோச்சு. அந்தக் கடையில சாப்பிட்ட 40-க்கும் மேல ஆளுங்க சிகிச்சைக்குப் போனாங்க. உரிமையாளரும் சமையல்காரங்களும் கைதானாங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் காசர்கோடு பக்கம் செறுவத்தூர்ல 16 வயசுப் பிள்ளை, ஷிகெல்லா கிருமி. 2025 ஏப்ரல்ல நம்ம அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருஷம் தடை போட்டதும் இந்த மாதிரி சம்பவங்களுக்குப் பிறகுதான்.

40 பேருக்கு ஒரே நேரத்துல உடம்பு கெட்டா நிரூபிக்கிறது சுலபம். சம்பவமே சாட்சின்னு சொல்ற கோட்பாடு அங்க நிக்கும். கஷ்டம், ஒரே ஒரு குடும்பம்னா.

அப்படி ஒரு குடும்பத்துக்காக நான் ஆஜரானதைச் சொல்றேன். ஊர், பேர், ஹோட்டல் எதுவும் வேண்டாம். கடையம் பக்கத்து ரிட்டயர்டு வாத்தியார் குடும்பம், ஆறு பேர். சொந்தக்காரங்க கல்யாணத்துக்காக வெளியூர் போய் ரெண்டு ராத்திரி ஹோட்டல்ல தங்கினாங்க. காலைச் சாப்பாடு ரூம் வாடகையோட சேர்ந்தது. ஊர் திரும்பி வரும்போதே நாலு பேருக்கு ஆரம்பிச்சிருச்சு. மூணு பேர் ரெண்டு நாள்ல எந்திரிச்சிட்டாங்க. வீட்டு ஆச்சிக்கு 70-க்கு மேல வயசு, ஏற்கனவே சர்க்கரை. தண்ணிச் சத்து வத்தி, மூத்திரம் நின்னு, அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில இருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பி, கிரியேட்டினின் ஏறி, ஒரு வாரம் வீட்டுல யாரும் சரியா மூச்சு விடல. பிழைச்சு வந்தாங்க. ஆனா அதுக்குப் பிறகு ஆச்சி தனியா எந்திரிச்சு நடக்கல.

நோட்டீஸ் அனுப்பினோம். ஹோட்டல் பதில் எதிர்பார்த்ததுதான். "நீங்க கல்யாணத்துல சாப்பிட்டீங்க. மறுநாள் மறுவீட்டுச் சொதி சாப்பிட்டீங்க. தேங்காப்பால் போட்ட சொதி வெயில்ல எவ்வளவு நேரம் இருந்ததோ!" நல்ல வாதம்தான், நெல்லைக்காரர் யாரோ எழுதிக் குடுத்திருக்கணும். நான் வாத்தியாரை உக்கார வச்சு, ஒரு வெள்ளைத் தாள்ல ஆறு பேர் பேரையும் மேல இருந்து கீழ எழுதி, மூணு நாளுக்கும் யார் எந்த வேளை எங்க சாப்பிட்டாங்கன்னு கட்டம் போட்டேன். போட்டு முடிச்சதும் தெரிஞ்சது. ஆச்சிக்கு முட்டு வலி. மண்டபத்துல மாடிப்படி. அவங்க கல்யாணத்துக்கே போகல! ரெண்டு நாளும் ரூம்லயே இருந்து, மூணு வேளையும் ஹோட்டல் சாப்பாடுதான் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. சொதி பக்கமே போகல. இன்னொரு பக்கம், ரெண்டு நாளும் மண்டபத்துலயே சாப்பிட்டு ஹோட்டல்ல ஒண்ணும் தொடாத மாப்பிள்ளைத் தம்பிக்கு ஒண்ணும் ஆகல. மலக் கல்ச்சர்ல சால்மொனெல்லான்னு வந்திருந்தது. ரூம் பில்லுல வேளைவேளைக்கு ரூம் சர்வீஸ் ஏறியிருந்தது, அது ஹோட்டலே அச்சடிச்ச சாட்சி.

ஆணையத்துல போட்டோம். அந்தக் கட்டத்தையே பிரமாணப் பத்திரத்தோட இணைச்சேன். ஹோட்டல் பதில் மனு போட்ட பிறகு சமரசத்துக்கு வந்தாங்க. ஆஸ்பத்திரிச் செலவு முழுசும், அதுக்கு மேல ஒரு தொகையும் குடுத்தாங்க. வாத்தியாருக்கு அதுல திருப்தி இல்ல. தீர்ப்பு வாங்கியிருக்கணும், பேப்பர்ல வந்திருக்கணும்னு இன்னைக்கும் என்னைப் பாத்தா சொல்லுவார். ஆச்சி மருந்துக்குப் பணம் அந்த மாசமே தேவைப்பட்டது. அப்பீல் கிப்பீல்னு போனா எத்தனை வருஷமோ. எனக்கு இன்னும் அது சரியான முடிவாத்தான் தோணுது.

அந்தக் கட்டம் போடுற வேலையை நீங்களே, வயிறு கெட்ட அன்னைக்கே செய்யலாம். ஒரு வாரம் போனா என்ன சாப்பிட்டோம்னு எவருக்கும் ஞாபகம் இருக்காது. அதோட டாக்டர் கிட்ட "வயித்தால போகுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க தங்கினோம், எப்ப இருந்து, கூட யாருக்கெல்லாம் இருக்குன்னு சொல்லி அதைச் சீட்டுல எழுதச் சொல்லுங்க. நிறைய டிஸ்சார்ஜ் சம்மரியில "கடும் இரைப்பைக் குடல் அழற்சி"ன்னு மட்டும் ஒரு வரி இருக்கும், சாப்பாட்டைப் பத்தி ஒரு சொல்லும் இருக்காது. அதை வச்சுக்கிட்டு என்ன வாதாட?

ஹோட்டல்ல இருக்கும்போதே தெரிஞ்சா ரிசப்ஷன்ல எழுத்துல குடுத்து ஒரு பிரதியில கையெழுத்து வாங்குங்க, இல்லன்னா மெயில் அனுப்புங்க. பில்லை விட்டுறாதீங்க. அதுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கணும், அது 2022 ஜனவரியில இருந்து கட்டாயம். எண் இல்லன்னா அதுவே ஒரு புகார். மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 வாட்ஸ்அப்ல புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்தா அது ஆய்வுக்கூடம் போகும். நமக்குப் பக்கத்துல பாளையங்கோட்டையிலயே உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு, 14 நாள்ல அறிக்கை தரணும். மிச்சச் சாப்பாட்டை நீங்களா டப்பாவுல போட்டுக் கொண்டு வந்தா, நடுவுல என்ன நடந்ததுன்னு கேள்வி வரும். இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சு அலுவலர் கிட்ட சொல்லுங்க. வாங்கினவரே காசு கட்டிப் பரிசோதிக்கலாம்னு 40-ஆம் பிரிவு இருக்கு. ஆனா வாங்கும்போதே கடைக்காரர் கிட்ட "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போறேன்"னு சொல்லணுமாம். பூரி ஆர்டர் பண்ணும்போது எந்த மனுசன் அப்படிச் சொல்லுவான்? அது சந்தேகப்பட்டு மறுபடி போய் வாங்குறவங்களுக்குத்தான் உதவும்.

அலுவலர் வர்றதுக்குள்ள கெட்ட சாம்பார் போயிரும், உண்மைதான். ஆனா அவர் பாக்குறது சாம்பாரை மட்டும் இல்ல. சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேலயும் குளிர்ச்சியா வைக்கிறது 5 டிகிரிக்குக் கீழயும் இருக்கா, தண்ணித் தொட்டி எப்ப கழுவினாங்க, சமையல்காரங்க மருத்துவச் சான்று இருக்கா, எல்லாம் அறிக்கையில வரும். அதோட நகலை ஆர்.டி.ஐ.ல கேட்டு வாங்கி நுகர்வோர் வழக்குல போடலாம்.

கேட்டவங்க அனுப்பின கேள்வி ரெண்டு இருக்கு.

ஒருத்தர் கேக்கிறார், "காலைச் சாப்பாடு இலவசம்னு போட்டிருந்தது. இலவசத்துக்கு வழக்கு உண்டா?" முழுக்க இலவசமான சேவை நுகர்வோர் சட்டத்துல வராதுங்கிறது சரி. ஆனா ரூம் வாடகை குடுத்தவருக்கு மட்டும்தானே அந்த இட்லி? தெருவுல போறவருக்குக் குடுப்பாங்களா? வாடகைக்குள்ளதான் அது அடங்கியிருக்கு. உண்டு.

இன்னொருத்தர் கோயில் கொடை அன்னதானத்தைப் பத்தி. அதுக்கு யாரும் காசு குடுக்கல, அதனால நுகர்வோர் ஆணையம் கஷ்டம். ஆனா உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபம் பாக்காம நடத்துறதையும் உணவுத் தொழில்னுதான் சொல்லுது. கொடைக் கமிட்டிக்காரங்க இதைக் கேட்டுக்கிட்டா நல்லது. காண்ட்ராக்ட் எடுத்த கேட்டரிங்காரருக்கு உரிமம் இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

முடிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு. செக் அவுட் பண்ணும்போது மேனேஜர் ரூம் வாடகையைத் திருப்பித் தந்து ஒரு சீட்டுல கையெழுத்து கேப்பார். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு அதுல இருக்கும். அப்ப உங்களுக்குப் பேதி நிக்குமா, ஆஸ்பத்திரி போகுமான்னே தெரியாது. பணத்தை வாங்கிக்கங்க, தப்பில்ல. அந்த வரியை அடிச்சுட்டு, "ரூம் வாடகை மட்டும் திரும்பப் பெற்றேன்"னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்க. அதை அவர் ஒத்துக்கலன்னா சீட்டைப் போட்டோ எடுத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடாம வாங்க. ரெண்டு வருஷம் டைம் இருக்கு.